ஆறாவது வாத்து

அன்றிரவு கரண்ட் போகாமல் இருந்திருந்தால், அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது.

ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் மாடி வீடு. சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுக்கும்போது மணி பன்னிரண்டரை. ஃபேன் நின்றது, தெருவிளக்கும் அணைந்தது. அந்த நிசப்தத்தில், அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றேகால் வயது பாப்பாவிடமிருந்து மெல்லிய ஓர் ஒலி. மூச்சை இழுக்கும்போது ‘கீ’. விடும்போது இன்னும் சின்னதாக ஒரு ‘கீ’.

நாள் முழுக்க மெஷின்களுக்கு நடுவே நின்று, எது நல்ல சத்தம், எது தேய்ந்துபோன பேரிங்கின் சத்தம் என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காது அது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“சளிங்க. மூணு நாளா இருக்கு. மருந்து குடுத்திருக்கோம்ல, படுங்க” என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பாப்பா முகம் தெளிவாகத்தான் இருந்தது. வெளிச்சம் பாயின் ஓரத்தில் கிடந்த மஞ்சள் ரப்பர் வாத்தின் மேல் விழுந்தது. எதற்கென்று தெரியாமலே அதை எடுத்து அழுத்தினார். தொட்டாலே ‘கீச்’ என்று கத்துகிற வாத்து, ‘புஸ்’ என்று காற்றை மட்டும் விட்டது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில், பட்டாணி அளவுக்கு விசில் பொருத்தியிருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

“அம்மா, எந்திரி” என்று அவர் போட்ட சத்தத்தில் பாட்டிதான் முதலில் எழுந்தார்.

அடுத்த பத்து நிமிடத்தில் கதை கோவையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பாப்பா பாயில் உட்கார்ந்து வாத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் சிவந்து இருமினாள். பாட்டி தூக்கி முதுகில் தட்டினார், நாலு சொட்டுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது, சிரிக்கவும் சிரித்தாள். எச்சில் புரையேறியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் லேசான இருமல். அதற்கடுத்த நாள் மூச்சில் இரைச்சல். பருவம் மாறுகிற நேரம், தெருவில் பாதிக் குழந்தைகளுக்குச் சளி. வாத்துக்கும் இருமலுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களின் வஞ்சகமே இதுதான். முதல் இருமல் பயமுறுத்தும். பிறகு அந்தப் பொருள் இன்னும் கீழே, நுரையீரலுக்குப் போகும் இரண்டு கிளைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு நுரையீரல் வேலை செய்வதால் குழந்தை சாதாரணமாக விளையாடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். நாட்கள் கழித்து இருமல், இரைப்பு, காய்ச்சல் என்று வரும்போது அதை ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கும். எக்ஸ்ரே எடுத்தாலும் பிளாஸ்டிக் அதில் தெரியாது. காசு, ஊக்கு, பேட்டரி தெரியும். பிளாஸ்டிக் விசில் தெரியாது.

ஓசூரில் அந்நேரத்துக்குத் திறந்திருந்த ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயிலும் தெரியவில்லை. ஆனால் பணியிலிருந்த இளம் டாக்டர் படத்தை மட்டும் நம்பவில்லை. அப்பா கையில் பிடித்திருந்த ஓட்டை வாத்தை வாங்கிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். வலப்பக்கம் காற்றுப் போகும் சத்தம் குறைவு. படத்திலும் அந்தப் பக்க நுரையீரல் கொஞ்சம் உப்பியிருந்தது. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தங்கினால் அப்படித் தெரியும். “இங்க வேணாம், பெங்களூருக்குக் கொண்டுபோயிடுங்க. வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க. அழ விடாதீங்க” என்றார்.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும்போது இரண்டரை மணி. பகலில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் அந்த ரோடு, அந்த நேரத்தில் காலியாகக் கிடந்தது. ஆம்புலன்ஸில் யாரும் பேசவில்லை. பாப்பாவின் மூச்சு மட்டும் ‘கீ... கீ...’ என்று கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாதே என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

காலையில் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மெல்லிய குழாய்க் கருவியை இறக்கி, அதன் நுனியிலிருந்த இடுக்கியால் எடுத்தார்கள். பிராங்காஸ்கோபி என்பார்கள். முக்கால் மணி நேரம். டாக்டர் வெளியே வந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார். உள்ளே வெள்ளை நிறத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, நடுவில் மெல்லிய நாக்கு வைத்த விசில். இரண்டு நாளில் பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வார்டு நர்ஸ் இவர்களை உட்கார வைத்து இதைச் சொன்னபோது மூன்று பேருக்குமே புதிதாக இருந்தது. தொண்டையில் எதையாவது சிக்க வைத்துக்கொண்ட குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இரும விட வேண்டும். காற்று போகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல், முகம் நீலம் பாரித்தால்தான் நாம் கைவைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்தம். அதற்குள் ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்கிறேன் என்று வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் மீன் முள்ளுக்குச் சொன்ன வைத்தியம், இதற்கு ஆகாது. இவ்வளவும் செய்து சரியாகிவிட்டால்கூட, வெளியே வந்த பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். இந்தக் கடைசி வரியைக் கேட்டபோது பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாத்தை வாங்கியது பாட்டிதான்.

ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர்த் திருவிழா என்றால், தேர்ப்பேட்டையில் கடைகள் நெருக்கியடித்துப் போட்டிருப்பார்கள். பொரி, பேரீச்சை, வளையல், பலூன், பொம்மை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு மொழியிலும் பேரம் நடக்கும். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்தபிறகு பாட்டி பார்க்கும் இரண்டாவது தேர். ஒரு தார்ப்பாயில் மஞ்சள் வாத்துகளைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்று முப்பது ரூபாய். “ஆறா எடுத்துக்குங்கம்மா, நூத்தம்பதுக்குத் தர்றேன்” என்றார் கடைக்காரர். ஆறும் வாங்கினார். அவர் சேர்த்து வைத்த சொந்தக் காசு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மருமகள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. “அத்தை, சாப்பிடுங்க”, “அத்தை, தண்ணி வச்சிருக்கேன்” என்று எல்லாம் வழக்கம்போல் நடந்தது. பாப்பாவை மட்டும் பாட்டி மடியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற பழக்கம் நின்றுபோனது. இரண்டாம் நாள் ராத்திரி பாட்டி மகனிடம் உடைந்தார். “நாந்தான் கண்ணு வெசத்த வாங்கியாந்து குடுத்தேன். என்னய ஊருக்கே அனுப்பிடு.”

மகன் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் இல்லை. கம்பெனியில் பதினோரு வருடமாகப் பழகிய ஒன்றைத்தான் கேட்டார்.

“ஆறு வாங்கினேன்னியே. மீதி அஞ்சு எங்கம்மா?”

வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அனிச்சைச் செயல். ஒரு போல்ட் மோசம் என்று தெரிந்தால், யார் தப்பு என்ற பஞ்சாயத்து பிறகுதான். முதல் கேள்வி, இதே லாட்டில் வந்த மற்றவை எங்கே? எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது என்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டே போவார்கள். கிடங்கில் இருப்பதற்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்குவார்கள். வண்டியில் ஏறிவிட்டது என்றால், சேசிஸ் நம்பரைப் பார்த்து வண்டிக்காரருக்கே தகவல் போகும், “கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்” என்று. ரீகால், அதாவது திரும்பப் பெறுதல். நிறுவனங்கள் தாமாகச் செய்துவந்த இந்த வழக்கத்துக்கு, அரசே உத்தரவிடும் அதிகாரமும் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அன்றிரவு அவர் அந்த வாத்தை மேசைமேல் வைத்து, தொழில் கண்ணோடு பார்த்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை. ஊர் இல்லை. எத்தனை வயதுக் குழந்தைக்கு என்று இல்லை. லாட் நம்பர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு ரூபாய் வாஷரில்கூட எங்காவது ஒரு மூலையில் அடையாளக்குறி இருக்கும். குழந்தை வாயில் வைக்கிற பொருளில் ஓர் எழுத்து இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் சந்தையிலிருந்து பொம்மைகளை வாங்கிப் பரிசோதித்தபோது, இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவிகிதம் தேறவில்லை. அடுத்த ஆண்டே பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான எந்தப் பொம்மையும், இங்கே செய்ததானாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததானாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்ஸின் உரிமம் பெற்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்க வேண்டும். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ரோட்டில் இருக்கும் சன்னபட்டணத்தின் அரக்குப் பூசிய மரப்பொம்மைகள் அந்த வகை. மரம் என்பதாலேயே ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சின்ன மணி மரத்தால் செய்தாலும் சின்ன மணிதான்.

சோதனையும் வேடிக்கையானது. குழந்தை என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள். பொம்மையைக் கீழே போடுவார்கள். கண்ணைத் திருகுவார்கள். வாலை இழுப்பார்கள். அழுத்துவார்கள். கழன்று வந்த துண்டை எடுத்து ஓர் உருளைக் குழிக்குள் போடுவார்கள். அந்தக் குழியின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1, அடிப்பாகம் சரிவாக இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் திறந்த வாயும் தொண்டையும் ஏறக்குறைய அந்த அளவு. துண்டு முழுதாக உள்ளே அடங்கிவிட்டால் பொம்மை தோற்றது. அமெரிக்காவிலும் இதே குழி, ஐரோப்பாவிலும் இதே குழி.

கம்பெனிக்காரர்களுக்கு இது ‘கோ, நோ-கோ கேஜ்’. போனால் ஒரு முடிவு, போகாவிட்டால் ஒரு முடிவு, இடையில் பேச்சில்லை. சாப்பாட்டு இடைவேளையில் லேத் பிரிவு நண்பரிடம் கழிவு நைலான் கட்டையைக் கொடுத்து, அதே அளவில் ஒரு குழி கடைந்து வாங்கிவந்துவிட்டார். சரிவான அடிப்பாகத்தைக் கடைவதற்குள் நண்பர் அலுத்துக்கொண்டாராம். அந்த வாரம் வீட்டிலிருந்த ஒவ்வொரு பொம்மையையும் இழுத்து, திருகி, கழன்றதையெல்லாம் அதில் போட்டுப் பார்த்தார்கள். கிலுகிலுப்பையின் மணி அடங்கியது. கரடியின் மூக்கு அடங்கியது. பிறந்தநாளுக்கு வந்த விலை உயர்ந்த காரின் சக்கரம், அட்டைப்பெட்டியில் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்ததை யாரும் படிக்காததால், அதுவும் அடங்கியது. லேத் நண்பர் இல்லாத வீடுகளுக்குச் சுலபக் கணக்கு ஒன்று உண்டு. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். குழி அதைவிட ஒரு சுற்றுதான் பெரிது. அந்த நாணயத்தை ஒட்டிய அளவிலோ, அதைவிடச் சின்னதாகவோ எது இருந்தாலும், கழன்று வரக்கூடிய எதுவானாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. பந்து, கோலிக்குண்டு மாதிரி உருண்டை என்றால் அதைவிடப் பெரிதாக இருந்தாலும் தொண்டையை அடைக்கும்.

மூன்றாவது மகா காரியமாக, புகார் கொடுக்க உட்கார்ந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பி.ஐ.எஸ்ஸுக்கு ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலி இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணை அதில் தட்டினால், யார் செய்தது, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பொம்மை வாங்கும் ஒவ்வொருவரும் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு நிமிட வேலை. ஆனால் இந்த வாத்துக்கு எந்த எண்ணைத் தட்டுவது? எதிர்த்தரப்பு என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? தேர்ப்பேட்டையில் தார்ப்பாய் போட்ட இடம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் உண்மையைச் சொன்னார்: “லூஸ்ல வர்ற சரக்குக்குப் பில்லு ஏது சார்? மூட்டையில வரும், கிலோ கணக்குல போகும்.”

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை ஆணையம் பயன்படுத்தியும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில், தரச் சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்றதற்காக அமேசானுக்கு உத்தரவு போனது: விற்ற 2,265 குக்கர்களை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல், குக்கரைத் திரும்பப் பெறு, பணத்தைக் கொடு. ஆன்லைனில் வாங்கியதால் வாங்கியவர்களின் முகவரி இருந்தது. பொம்மைகளிலும் சோதனைகள் நடந்தன. 2023 ஜனவரியில், ஒரே மாதத்தில் விமான நிலையக் கடைகள், மால்கள் என்று பல இடங்களில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக பி.ஐ.எஸ். அறிவித்தது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் நிறுவனக் கிடங்குகளிலும் சோதனை நடந்து, சான்றில்லாத பொருள்கள் சிக்கின. அதில் பொம்மைகளும் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் பறிமுதல் என்பது அலமாரியிலிருந்து எடுப்பது. ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டதை யார் எடுப்பது? அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், இன்ன மாடல், இன்ன எண், இன்ன கடையில் இத்தனை தேதியிலிருந்து விற்றது என்று படத்தோடு வாராவாரம் பட்டியல் போடுகிறது. பெயரும் எண்ணும் இருக்கிற பொம்மையைத்தான் அப்படிக் கூப்பிட முடியும். பெயரில்லாத வாத்தை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

இதையெல்லாம் மகன் புலம்பக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, மறுநாள் காலையில் தலை சீவி, பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“யாரு யாருக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும். நானே போயி வாங்கியாறேன்.”

முதல் வாத்து கீழ்வீட்டில் இருந்தது. வீட்டுக்காரம்மாவின் பேரனுக்குக் கொடுத்தது. “எங்க பையன் நல்லாத்தானே ஆடறான்? குடுத்த பொருளை யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?” என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாட்டி பதில் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, டாக்டர் கொடுத்த டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் விசிலை வைத்துக் காட்டினார். “இது எம்பேத்தி நெஞ்சில இருந்துச்சு சாமி.” வீட்டுக்காரம்மா உள்ளே ஓடி வாத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி பையிலிருந்து பெரிய துணிப்பந்து ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டினார். கடைசிவரை வெறும் கையோடு எந்த வீட்டுக்கும் போகவில்லை. பழையதை வாங்கினால் புதியதைத் தர வேண்டும் என்ற நியாயத்தை அவருக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தரவில்லை. அந்தப் பந்துகளை ராத்திரியெல்லாம் பழைய புடவையில் தைத்துக் கொடுத்தது மருமகள்.

இரண்டாவது, பூக்காரம்மாவின் பேத்தியிடம். வாத்து கிடைத்தது. அழுத்தினால் ‘புஸ்’. பாட்டிக்குக் கால் தளர்ந்துவிட்டது. “விசிலு எங்க? விசிலு எங்கம்மா?” என்று பாயை உதறினார், கட்டிலை நகர்த்தினார். பூக்காரம்மாவும் பயந்துபோய் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். அப்போது வாசலில் ‘கீச்’ என்று ஒரு சத்தம். ஐந்து வயது அண்ணன்காரன். முதல் நாளே பிடுங்கி எடுத்துவிட்டானாம். உதட்டுக்கு நடுவில் வைத்து ஊதிக்கொண்டே ஓடிவந்தான். பாட்டி சத்தம் போடவில்லை. போட்டால் திடுக்கிட்டு உள்ளே இழுத்துவிடுவான். சிரித்துக்கொண்டே குனிந்து, அவன் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டி, “பாட்டிக்குக் குடு கண்ணு” என்றார். எச்சிலோடு வந்து விழுந்தது.

அடுத்த இரண்டும் காவேரிப்பட்டணத்தில் மகள் வீட்டில். போனில் சொல்லியிருந்தால் போதும்தான். சொல்லியும் பார்த்தார். “சரிம்மா, எடுத்து மேல வச்சிடுறேன், நீ பயந்துக்காத” என்றாள் மகள். மேலே வைத்தது கீழே வர எத்தனை நேரம் ஆகும் என்று பாட்டிக்குத் தெரியும். பஸ் ஏறிப் போனார். ஒரு வாத்து தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. இன்னொன்று மாட்டுத்தொழுவத்தில் கிடந்தது. இரண்டிலும் விசில் இருந்தது. ஒன்றை நகத்தால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது.

ஐந்து வாத்துகள் திரும்பிவிட்டன. மகன் அவற்றை ஒரு கவரில் போட்டு, கம்பெனி வழக்கப்படி சிவப்பு அட்டை கட்டி, மார்க்கரில் ‘ரிஜெக்ட்’ என்று எழுதிப் பரண்மேல் வைத்தார். மருமகள் அன்று பாப்பாவைப் பாட்டி மடியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை, சும்மா விட்டுவிட்டுப் போனார்.

பெயரும் முகவரியும் இருக்கிற இடத்திலும் எல்லாம் திரும்பி வந்துவிடுவதில்லை. 1999 டிசம்பரில் அமெரிக்காவில் பர்கர் கிங் உணவகங்கள், குழந்தைகளுக்கான சாப்பாட்டோடு இனாமாகக் கொடுத்த போக்கிமான் பந்துகளைத் திரும்பப் பெற்றன. இரண்டாகப் பிரியும் பந்து. ஒரு பாதி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்று இறந்துபோயிருந்தது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகள். டி.வி.யில் சொன்னார்கள், திருப்பித் தந்தால் உருளைக்கிழங்கு வறுவல் இலவசம் என்றார்கள். அடுத்த மாதமே, 2000 ஜனவரியில், இன்னொரு கைக்குழந்தை அதே பந்தால் இறந்தது. செய்தி அந்த வீட்டுத் தொட்டிலைத் தாண்டிப் போகவில்லை.

பாட்டியின் கணக்கிலும் ஒன்று பாக்கி.

தேர் முடிந்த வாரம் மகள் வீட்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. பச்சைக் கவுன், நெற்றியில் பெரிய திருஷ்டிப் பொட்டு. ஒரு வயதுகூட நிறைந்திருக்காது. பாட்டி பையிலிருந்து ஒரு வாத்தை எடுத்து ‘கீச்’ என்று அழுத்தினார். அழுகை நின்றது. “வச்சுக்கோ சாமி” என்று கையில் கொடுத்தார். அந்த அம்மா சிரித்தபடி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சூளகிரியில் இறங்கிப் போனார்.

இப்போது மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாட்டி ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருகிறார். ஒருமுறை சூளகிரியில் இறங்கியும் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் இருந்த பழக்கடைப் பெண்ணிடம் விசாரித்தார்.

“எந்த ஊருப் பாப்பாங்கம்மா? பேரு என்னா?”

“பேரு தெரியாது சாமி. பச்சக் கவுனு.”

பழக்கடைப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பார்த்தால் சொல்கிறேன் என்றார். பாட்டி மகனின் செல் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தார், அதைக் கொடுத்தார். பையிலிருந்து மருமகள் தைத்த துணிப்பந்து ஒன்றையும் எடுத்து, “அந்தப் பாப்பா வந்தா இதக் குடுத்துட்டு, வாத்த வாங்கி வையி” என்று பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நின்றார்.